நான்கு டொலர் குத்தகை: கனடாவின் நல்லிணக்கத்தைப் புரிந்துகொள்ள

கனடாவின் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தில் 2021 ஜூன் மாதம் சில சொற்கள் புதிதாகச் சேர்ந்தன. முடிக்கு (அதாவது மன்னருக்கு) விசுவாசமாக இருப்பேன், சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்பதோடு, முதற்குடியினர், இனுயிட், மேட்டி மக்களின் பூர்வீக உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்றும் இப்போது சொல்ல வேண்டும். என் அக்காவின் மகன் அப்படிச் சொல்லிக் குடியுரிமை பெற்றுவிட்டு, திரும்பும் வழியில் காரில் கேட்டான்: "மாமா, உடன்படிக்கை உரிமை என்றால் என்ன? நான் எதற்குச் சத்தியம் செய்தேன்?"

காரில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அவர்களுக்கு அரசு நிறைய இலவசம் கொடுக்கிறது என்றார் ஒருவர். அது மன்னிப்புக் கேட்டு முடிந்துபோன கதை என்றார் இன்னொருவர். நம் விழாக்களில் விளக்கேற்றிய பிறகு நிலத்தைப் பற்றி ஒரு பத்தி வாசிப்பார்களே, அதுதான் என்று நான் சொன்னேன். என் பதிலும் மற்றவர்களின் பதிலைப் போலவே அரைகுறைதான் என்று பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று பெயர்கள். கனடாவின் பூர்வகுடிகள் ஒரே இனத்தவர் அல்லர். முதற்குடியினர் என்போர் பல மொழிகளும் பல ஆட்சிமுறைகளும் கொண்ட அறுநூறுக்கும் மேற்பட்ட சமூகங்கள். இனுயிட் வட துருவப் பகுதியின் மக்கள். மேட்டி என்போர் ஐரோப்பிய உரோம வணிகர்களும் பூர்வகுடிப் பெண்களும் அமைத்த குடும்பங்களிலிருந்து தனி இனமாக வளர்ந்தவர்கள். 2021 கணக்கெடுப்பின்படி மூன்று பிரிவினரும் சேர்ந்து சுமார் 18 இலட்சம் பேர். நூற்றுக்கு ஐந்து.

எல்லைக் கல்லும் கைகுலுக்கலும்

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். இலங்கையில் 2010 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் பெயரிலும் இந்தச் சொல் இருந்தது. அதற்குப் பிறகு மேடைகளில் அது எத்தனை முறை ஒலித்தது, எத்தனை பேருக்குக் காணாமற்போன பிள்ளையைப் பற்றிய பதில் கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுவது நல்லதுதான்.

ஊரில் நடக்கும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வளவுகள். ஒருவர் இரவோடு இரவாக எல்லைக் கல்லைப் பிடுங்கி அடுத்த வளவுக்குள் பத்தடி தள்ளி நட்டுவிடுகிறார். கிணறு அவர் பக்கம் போய்விடுகிறது. ஆண்டுகள் கழிந்து பெரியவர்கள் இருவரையும் கூப்பிட்டு, பழையதை மறந்து கைகொடுங்கள் என்கிறார்கள். கைகொடுத்தும் விடுகிறார்கள். கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. கிணற்றை இழந்தவரின் பிள்ளைகள் தண்ணீருக்குத் தெருக்கோடி வரை நடக்கிறார்கள்.

இதைச் சமரசம் என்று சொல்லலாம். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளின் வதிவிடப் பள்ளிகளை (அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, நல்லிணக்கத்துக்கு வேறு இலக்கணம் வகுத்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிக்கும் உறவு ஏற்பட வேண்டும், அது நிலைக்கவும் வேண்டும். அதற்கு நடந்தது தெரிந்திருக்க வேண்டும். கேடு விளைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடுசெய்ய வேண்டும். நடத்தையை மாற்ற வேண்டும். மன்னிப்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் சொந்த விருப்பம். நல்லிணக்கம் என்னும் வேலை பெரும்பாலும் கல்லை நகர்த்தியவருடையது.

உடன்படிக்கை என்பது என்ன?

உடன்படிக்கை என்பது இரண்டு அரசுகள் அல்லது இரண்டு மக்கள் கூட்டங்கள் தமக்குள் செய்துகொள்ளும், தலைமுறை கடந்தும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பிரிட்டிஷ் முடியும் பின்னர் கனடாவும் நாட்டின் பெரும் பகுதிகளில் பூர்வகுடிகளோடு இத்தகைய உடன்படிக்கைகளைச் செய்தே நிலத்தில் குடியேறின. ஆகவே உடன்படிக்கை ஒரு பக்கத்துக்கான சலுகைச் சீட்டு ஆகாது. பூர்வகுடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கோ, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய எனக்கும் அவ்வளவு பங்கு. நான் இங்கே சட்டப்படி குடியிருப்பதற்கு அடித்தளமே அதுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1850 இல் கையெழுத்தான ராபின்சன் ஹியூரன் உடன்படிக்கை. ஹியூரன் ஏரியின் வடகரையில் வாழ்ந்த அனிஷினாபே மக்கள் தங்கள் நிலத்தைப் பகிர்ந்துகொள்ள இணங்கினார்கள். பதிலுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: நிலத்திலிருந்து வரும் வருமானம் கூடினால், அரசுக்கு நட்டம் வராத அளவில், அந்தத் தொகையும் கூட வேண்டும். நம் ஊரில் விளைச்சலுக்கு ஏற்பக் குத்தகையைக் கூட்டித் தருவதாகப் பேசிக்கொள்வதைப் போன்றது. இந்த ஒப்பீடு முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குத்தகைக்குக் காலக்கெடு உண்டு, உடன்படிக்கைக்கு இல்லை.

விளைச்சல் எப்படி இருந்தது? 1880களில் அந்த நிலத்தில் சட்பெரியின் நிக்கல் படிவு வெளிப்பட்டது. உலகின் பெரிய நிக்கல் சுரங்கங்கள் அங்கே எழுந்தன. மரம், மீன், ரயில் பாதை என்று எத்தனையோ வழிகளில் பணம் வந்தது. குத்தகை எப்படி இருந்தது? 1875 இல் ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு டொலர் என்று உயர்த்தினார்கள். அதன் பிறகு உயர்த்தவே இல்லை. நிக்கல் கிடைப்பதற்கு முன்னால் வைத்த தொகை, விண்வெளிக்கு மனிதன் போய்வந்த பின்பும், கைபேசி வந்த பின்பும், நான்கு டொலராகவே நின்றது.

அந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். கூட்டரசும் ஒன்ராறியோ மாகாணமும் 21 சமூகங்களுக்கு 1,000 கோடி டொலர் கொடுக்க 2023 இல் இணங்கின. 2024 ஜூலையில் கனடாவின் உச்ச நீதிமன்றம், முடி இந்த உடன்படிக்கையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று ஒருமனதாகக் கண்டித்தது. அவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிறது என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் எவ்வளவு தர வேண்டிய கடன் என்று கேட்டுப் பாருங்கள்.

ரொறன்ரோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1787 இல் மிசிசாகா மக்களிடமிருந்து இந்த நிலம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அது வெற்றுத் தாள்! எந்த நிலம், எவ்வளவு என்று ஒன்றும் எழுதப்படவில்லை. தலைவர்களின் அடையாளக் குறிகள் மட்டும் தனித்தனித் துண்டுக் காகிதங்களில் ஒட்டியிருந்தன. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை போலும். 1805 இல் அதைச் சரிசெய்வதாகச் சொல்லி, இரண்டரை இலட்சம் ஏக்கருக்குப் பத்து ஷில்லிங் கொடுத்துப் புதிய பத்திரம் எழுதினார்கள். அந்தக் கணக்கு 2010 இல் 14.5 கோடி டொலருக்குத் தீர்க்கப்பட்டது.

இவ்வளவு காலமும் ஏன் வழக்குப் போடவில்லை என்று என் அக்கா மகனும் கேட்டான். நியாயமான கேள்வி. 1876 இல் வந்த இந்தியச் சட்டம் என்ற ஒரே சட்டம், முதற்குடியினரின் குடியிருப்பு, ஆட்சி, அடையாளம் எல்லாவற்றையும் தலைநகர் ஒட்டாவாவின் கையில், அதாவது கூட்டரசின் கையில் கொடுத்தது. (கொலம்பஸ் செய்த பிழையால் இந்தியர் என்ற பெயர் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது.) 1927 முதல் 1951 வரை, நில உரிமைக் கோரிக்கைக்காக வழக்கறிஞர் அமர்த்தப் பணம் திரட்டுவதையே அந்தச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. தங்கள் சட்ட அந்தஸ்தைத் துறக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960 இல்தான் கிடைத்தது.

இதுவரை சொன்னதன் சாரம்: இது நெடுங்கால ஒப்பந்தங்களின் கணக்கு. ஒரு தரப்பு கணக்கைத் தீர்க்கவில்லை. மறு தரப்பு கேட்க முயன்றபோது வாயும் அடைக்கப்பட்டது.

பிள்ளைகள்

நிலத்தின் கணக்கைப் பணத்தில் ஓரளவு சொல்லிவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

வதிவிடப் பள்ளி என்பது பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தங்கவைத்து, மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்வதற்காக அரசின் பணத்தில் பெரும்பாலும் கிறிஸ்தவத் திருச்சபைகள் நடத்திய பள்ளி. அரசு 1880களில் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. 1920 இல் சட்டம் கட்டாயமாக்கியது. கடைசிப் பள்ளி 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. சுமார் 1,50,000 பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் இருந்திருக்கிறார்கள்.

தாய்மொழியில் பேசியதற்கு அடி என்றால் நம்மில் சிலர், எங்கள் ஆங்கிலப் பள்ளியிலும் அபராதம் போட்டார்கள் என்பார்கள். மாலை மணி அடித்ததும் நாம் அம்மாவிடம் ஓடிப்போய்த் தமிழில் அழுதோம். அந்தப் பிள்ளைக்கு மாலையில் போக வீடு இல்லை. கூடப் பிறந்த தங்கை அதே கட்டடத்தில் இருந்தாலும் பேச விடமாட்டார்கள். பத்து ஆண்டு கழித்து வீடு திரும்பினால் பாட்டியின் மொழி விளங்காது. தன்னை யாரும் அணைத்து வளர்க்காதவர்கள் பெற்றோரானபோது, பிள்ளையை எப்படி அணைப்பது என்றே தெரியாமல் தவித்தார்கள். ஒரு தலைமுறையில் விழுந்த அடி அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுவது இப்படித்தான்.

காசநோயும் பசியும் பலரைக் கொன்றன. அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907 இலேயே இதை அறிக்கையாக எழுதிக்கொடுத்தார். அரசு அசையவில்லை. ஆவணங்களிலிருந்து இதுவரை 4,100க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மரணம் உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் வதிவிடப் பள்ளியின் வளவில் 215 பிள்ளைகளின் எச்சங்கள் இருப்பதாக அறிவிப்பு வந்தபோது, உலகம் முழுவதும் உடல்கள் கண்டெடுக்கப்பட்டதாகப் பரவியது. நடந்தது அதுவல்ல. தரையூடுருவும் ராடார் என்ற கருவி மண்ணுக்குள் அலைகளை அனுப்பி, எங்கே மண் கிளறப்பட்டிருக்கிறது என்று காட்டும். அது சாத்தியமான குழிகளைக் காட்டும், உடலைக் காட்டாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் சாகவே இல்லை என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். அது பச்சைப் பொய். அந்த 4,100 பேரின் கணக்கு ராடாரிலிருந்து வந்ததில்லை. பள்ளிகளும் அரசும் தம் கைப்பட எழுதிவைத்த பதிவேடுகளிலிருந்து வந்தது.

ஆணைக்குழுவைக் கொண்டுவந்தவர்கள்

பலருக்கும் தெரியாத ஒன்று இது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அரசின் மனமாற்றத்தால் பிறக்கவில்லை. அந்தப் பள்ளிகளில் படித்து உயிர்பிழைத்தவர்கள் கூட்டு வழக்குத் தொடுத்து, அரசையும் திருச்சபைகளையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2007 இல் நடைமுறைக்கு வந்த தீர்வு ஒப்பந்தத்தில், இழப்பீட்டோடு சேர்த்து, நடந்ததைக் கேட்டுப் பதிவுசெய்ய ஓர் ஆணைக்குழுவும் வேண்டும் என்று பெற்றுக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லும் வாய்ப்பையே அவர்கள் வழக்காடி வென்றார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் மனம் நெகிழும் இடம் இது.

2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அனிஷினாபே நீதிபதி மறி சின்க்ளேர் தலைமையில் ஆணைக்குழு நாடெங்கும் சுற்றி 6,500க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைப் பெற்றது. 2015 இல் வந்த அறிக்கை, நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று பெயர்சொல்லி அழைத்தது. கூடவே 94 செயல் அழைப்புகளை முன்வைத்தது. செயல் அழைப்பு என்பது இன்னார் இன்னதைச் செய்ய வேண்டும் என்று பொறுப்பைக் குறித்துச் சொல்லும் பரிந்துரை. அரசு, திருச்சபை, பல்கலைக்கழகம், ஊடகம், வணிக நிறுவனம் என எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. கடைசி இரண்டு, அதாவது 93ஆவதும் 94ஆவதும், புதிதாக வந்து குடியேறுகிறவர்களைப் பற்றியவை. சத்தியப்பிரமாணம் மாறியது 94ஆவது அழைப்பால். அக்கா மகனின் கேள்விக்கு நேரடியான பதில் இங்கே இருக்கிறது.

மன்னிப்பும் நில ஒப்புகையும் போதாதா?

நில ஒப்புகை என்பது நிகழ்ச்சியின் தொடக்கத்தில், நாம் யாருடைய நிலத்தில், எந்த உடன்படிக்கையின் கீழ் கூடியிருக்கிறோம் என்று அறிவிப்பது. நான் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இந்தக் கல் முன்பு வேறு இடத்தில் இருந்தது என்று வாயால் சொல்வது அது. வாசிப்பவர் அந்த ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கவாவது பழகிக்கொண்டு வரலாம். அதற்கு மேல், கிணறு இன்னும் யார் பக்கம் இருக்கிறது என்ற கேள்வி உண்டு.

கிணறு என்று நான் உவமைக்குச் சொன்னேன். ஷோல் லேக் 40 என்ற முதற்குடிச் சமூகத்தில் அது உவமையே இல்லை. வின்னிபெக் நகரம் 1919 முதல் சுமார் 150 கிலோமீட்டர் கால்வாய் வழியாக அவர்களின் ஏரித் தண்ணீரைக் குடித்துவருகிறது. அந்தக் கால்வாய்க்காக வெட்டிய வெட்டில் அவர்களின் ஊர் பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவாகிவிட்டது. ஏரியின் சொந்தக்காரர்கள் 1997 முதல் 2021 வரை, 24 ஆண்டுகள், குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையின் கீழ் வாழ்ந்தார்கள். சொந்தமாகச் சாலை 2019 இல் வந்தது, சுத்திகரிப்பு நிலையம் 2021 இல் வந்தது. முன்னேற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் அந்தக் குழாயைக் காட்டுவேன். எவ்வளவு தாமதம் என்று கேட்டாலும் அதே குழாயைத்தான் காட்டுவேன்.

சுருக்கமாக: பள்ளிகளைப் பற்றிய உண்மை பெருமளவு வெளிவந்துவிட்டது. மன்னிப்பும் கேட்டாயிற்று, இழப்பீடும் கொடுக்கப்படுகிறது. எஞ்சியிருப்பது கடினமான பகுதி: இனி முடிவெடுப்பது யார்?

முடிவெடுக்கும் கை

பூர்வீக உரித்து என்பது, ஒரு மக்கள் கூட்டம் ஐரோப்பியர் வருமுன்பே ஒரு நிலத்தை ஆண்டுவந்ததால் அந்த நிலத்தில் அவர்களுக்குள்ள சட்டபூர்வ உரிமை. யாரும் கொடுத்து வந்ததில்லை அது. யாரும் எடுத்துக்கொள்ளாமல் எஞ்சியிருப்பது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில் ஹைடா குவாய் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஹைடா மக்கள் அதை எந்த உடன்படிக்கையாலும் விட்டுக்கொடுத்ததில்லை. 1862 இல் பரவிய பெரியம்மை அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது. நூற்றாண்டின் இறுதியில் சில நூறு பேரே எஞ்சினார்கள். மர நிறுவனங்கள் பழங்காடுகளை வெட்டத் தொடங்கின. 1985 இல் ஹைடா முதியவர்கள் லைல் தீவின் மரச் சாலையில் போய் அமர்ந்து கைதானார்கள். அதன் பலனாகத் தெற்குப் பகுதி காக்கப்பட்டது. 1993 முதல் ஹைடாவும் கனடாவும் சம உறுப்பினர்களைக் கொண்ட குழுவாக அதை நிர்வகிக்கின்றன. 2004 இல் அவர்கள் தொடுத்த வழக்கில், உரிமை நிரூபிக்கப்படும் முன்பே அவர்களைக் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் மாகாண அரசு தீவுகள் முழுவதிலும் ஹைடாவின் உரித்தை ஒப்பந்தமாக ஏற்றது. அங்கே வீடு வைத்திருக்கும் மற்றவர்கள் எவரும் வெளியேற்றப்படவில்லை. தனியார் சொத்துகளுக்கு ஒப்பந்தத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. நம் வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களைப் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் கதை இன்னும் வேதனையானது. 94 அழைப்புகளில் முதலாவதே, வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது. வளர்ப்புப் பராமரிப்பு என்பது, பெற்றோரால் பார்க்க முடியாது என்று அதிகாரிகள் முடிவுசெய்த பிள்ளைகளை வேறு வீடுகளில் வைப்பது. கனடாவில் 14 வயது வரையான பிள்ளைகளில் பூர்வகுடிகள் 100க்கு எட்டுப் பேர்கூட இல்லை. அந்த வயதில் வளர்ப்பு வீடுகளில் இருப்போரிலோ பாதிக்கும் மேல் அவர்கள்: 2016 இல் 52.2 சதவீதம், 2021 இல் 53.8 சதவீதம். அறிக்கை வந்த பிறகு விகிதம் கூடியிருக்கிறது.

ஏன்? வதிவிடப் பள்ளிகள் மூடப்பட்டாலும், பிள்ளையை எடுத்துச்செல்லும் அதிகாரம் அரசுகளின் கைகளிலேயே இருந்தது. முதற்குடிக் குடியிருப்புகளில், குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் உதவிக்கு அரசு கொடுத்த பணம் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போக மட்டும் பணம் இருந்தது. இது பாகுபாடு என்று 2016 இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2,300 கோடி டொலருக்கும் அதிகமான இழப்பீட்டை 2023 இல் நீதிமன்றம் அங்கீகரித்தது. அதைவிடப் பெரிய மாற்றம் 2020 இல் நடைமுறைக்கு வந்த சட்டம். தங்கள் பிள்ளைகளின் நலத்துக்கான சட்டத்தைத் தாங்களே இயற்றி நடத்தப் பூர்வகுடிச் சமூகங்களுக்கு உரிமை உண்டு என்று அது ஏற்றது. கியூபெக் மாகாணம் அதை எதிர்த்தது. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அந்த உரிமையை முதலில் கையில் எடுத்தவர்களில் சஸ்கச்சுவானின் கவெசஸ் முதற்குடிச் சமூகமும் ஒன்று. அங்கே மரிவால் என்ற வதிவிடப் பள்ளி இருந்தது. அதன் அருகிலிருந்த கல்லறையில் 751 பெயரில்லாக் குழிகள் இருப்பதாக 2021 ஜூன் 24 அன்று சமூகம் அறிவித்தது. எல்லாம் பிள்ளைகளுடையவை என்று அவர்கள் சொல்லவில்லை. பெரியவர்களும் இருக்கலாம், ஒரு காலத்தில் அங்கே கற்கள் இருந்தன, 1960களில் அகற்றப்பட்டன என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, பிரதமரும் மாகாண முதல்வரும் அதே சமூகத்துக்கு வந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி கவெசஸ் பிள்ளைகள் எங்கே, யாரிடம் வளர வேண்டும் என்பதைக் கவெசஸ் மக்களே தீர்மானிக்கிறார்கள்.